நிறுவைச் சங்கு

இந்தக் காலத்து ஆளுகளுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு பெட்டி வேண்டும் என்பது மாடசாமியின் தீராத குறை. பாட்டுக் கேட்க ஒரு பெட்டி, படம் பார்க்க ஒரு பெட்டி, இப்போது இடி விழுமா என்று பார்க்கவும் பேட்டரி போட்ட ஒரு பெட்டி. "அண்ணாந்து பாக்கக்கூட வணங்காத கழுத்து," என்பார், பெரட்டுக்களத்தில் குந்திக்கொண்டு, எதிரே ஆள் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல். "நாளைக்குத் தட்டுல சோறு இருக்கான்னு பாக்கவும் ஒருத்தன் மிசின் கொண்டாருவான். அதுக்கும் நாலு பேரு பல்லக் காட்டிக்கிட்டு நிப்பானுக."

குறை சொல்லத் தோதாக அந்தப் பெட்டி அவர் கண்ணெதிரேயே நின்றது. காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் களத்தின் ஓரத்தில், ஆளுயரக் குழாய் ஒன்றின் தலையில், கவிழ்த்துப் போட்ட சட்டி மாதிரி. உள்ளே பால்மா டின்னை வெட்டிச் செய்த விசிறி ஒன்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு வயர் பெரட்டுக் கொட்டகைக்குள் போய், மேசை மேல் இருந்த கண்ணாடிக் கூட்டுக்குள், வானத்தில் ஏறுகிற மின்சாரத்துக்குத் தக்கபடி ஒரு முள்ளை ஆட்டும். முள்ளுக்குப் பின்னால் பாதி பச்சை, பாதி சிவப்பு.

மாடசாமிக்கு அறுபத்தெட்டு வயது. ரெண்டாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டுத் தேயிலை மலையில் வேலைக்கு ஏறியவர். பேர் பதிந்த வேலை முடிந்த பிறகும், பாறைக்கட்டுத் தோட்டத்து மேல் டிவிஷனில் சத்தம் போடுகிற வேலை அவரிடமே இருந்தது. கொட்டகைத் தூணில் கைப்பிடியைச் சுற்றினால் ஊளையிடும் பழைய சங்கு ஒன்று இருந்தது. காலையில் பெரட்டுக்கு இரண்டு தடவை, கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கு நீளமாக ஒரு தடவை அதைச் சுற்றுவார். சாவு விழுந்தால் தப்புப் பறை அடிப்பதும் அவர்தான்.

பெட்டியைக் கொண்டுவந்தவள் மயூரி. பதுளை ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரியாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் மகள். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கிறவள். முப்பது வயது தாண்டியிருக்கும். இத்தாலியில் கடலோரமாக ஏதோ ஒரு பௌதிக ஆராய்ச்சி மையமாம், அங்கே மூன்று தடவை போய்வந்தவளாம். வந்த புதிதில் ஒரு நாள் மாடசாமி அதைத் துருவிக் கேட்டார்.

"அங்க யாரு மிஸ் இருக்கா? வெள்ளக்காரனா?"

"எல்லா நாட்டு ஆக்களும், ஐயா. சூடான், பெரு, பங்களாதேஷ் எண்டு எங்களை மாதிரிக் கஷ்டப்பட்ட நாடுகளில இருந்துதான் கூடுதலா. மூண்டு மாசம் நிண்டு படிச்சு, செய்து பார்த்து, பிறகு அவரவர் நாட்டுக்குத் திரும்பவேணும்."

"செலவு?"

"அவையே தருவினம். டிக்கெட், சாப்பாடு, அறை, எல்லாம்."

"திருப்பி அனுப்புறதுக்கா டிக்கெட்டு குடுத்துக் கூப்புடுறான்?"

"ஓம். இஞ்ச வந்து குடியேறாதேங்கோ, உங்கட ஊரில இருந்து வேலை செய்யுங்கோ எண்டுதான் சொல்லுகினம்."

மாடசாமி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "எங்க பாட்டனையும் செலவெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்னுதான் கப்பல் ஏத்துனானுக. திருப்பி அனுப்பத்தான் மறந்துட்டானுக."

அவளும் சிரித்தாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டுகிற ஆளைத்தான் அவர் கொஞ்சமாவது நம்புவார்.

"பால்மா டின்ன வெட்டி வச்சிருக்கீங்களே, அவனுக நல்லதக் குடுக்க மாட்டானுகளா?"

"நல்லது பழுதாப் போனா இஞ்ச ஆர் திருத்துறது? கையில இருக்கிறதை வச்சுச் செய்யத்தான் அங்க பழக்கினவை. எனக்குப் பக்கத்தில இருந்த சூடான்காரி எண்ணெய் டின்னை வெட்டினவ."

"அப்ப இங்க உள்ள தகரத்த வெட்டுறதுக்கு அம்புட்டுத் தூரம் போயிருக்கீங்க," என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எழுபத்தஞ்சாம் வருசம், அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கு மூன்று கால் வைத்த கருவியோடு நாலு பேர் அளக்க வந்தார்கள். ஓடி ஓடித் தேத்தண்ணி கொடுத்தவர் மாடசாமிதான். நாலாம் மாசம் தோட்டம் துண்டு துண்டாகப் பிறர் கைக்குப் போனது. குடியிருந்த லயத்தை விட்டு இறங்கு என்றார்கள். பொண்டாட்டியையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு இந்த மடுல்சீமை மலைக்கு ஏறி வந்தார். அன்றிலிருந்து, அளக்க வருகிறவனுக்கு அவர் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை.

மயூரி வந்து ஏழு வாரம் ஆகிவிட்டது. முள் மூன்று தடவை சிவப்புக்குப் போனது. இரண்டு தடவை அரை மணி நேரத்துக்குள் பக்கத்து மலைகளில் இடி விழுந்தது. ஒரு தடவை ஒன்றுமே இல்லை, வெயில்கூட அடித்தது. அந்த ஒரு தடவையை மாடசாமி பத்திரமாக மனதில் முடிந்து வைத்திருந்தார்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருசம், ஐப்பசி மாசம். மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். வானம் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. காற்று அசையவில்லை. எதிரே செங்குத்தாக ஏழாம் நம்பர் மலை. அதன் முகட்டில்தான் ட்ராக்டர் ரோடு ஓடுகிறது. ரோட்டோரமாகக் கொழுந்து நிறுக்கிற மடுவம், நாலு இரும்புத் தூணும் ஒரு தகரக் கூரையும். மடுவத்துக்குக் கீழே, மலையின் இடுப்பில், நாற்பத்தொரு பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி மாடசாமியின் ஒரே மகள் ஜீவராணி. வயிற்றில் ஆறு மாதம். தலையில் சிவப்புத் துணி.

கொட்டகைக்குள் மயூரி கண்ணாடிக் கூட்டை விரலால் தட்டினாள். வெளியே ஓடி விசிறியைப் பார்த்தாள். உள்ளே வந்து பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாள். மறுபடி முள்ளைப் பார்த்தாள். முள் சிவப்பையும் தாண்டி, கூட்டின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நடுங்கியது.

"என்ன மிஸ், கெட்டுப்போச்சா?" மாடசாமிக்கு உள்ளூரக் குஷி.

"இல்லை. இப்பிடி ஒரு நாளும் வரேல்ல." அவள் எதிர் மலையைக் காட்டினாள். "இந்த மலைக்கு அங்கால பெரிய முகில் நிக்குது. எங்களுக்குத் தெரியேல்ல. மேல எத்தினை பேர், ஐயா?"

"நாப்பத்தொரு பேரு. எம்மக சேத்து. கணக்கப்பிள்ள மடுவத்துல இருக்காரு."

அவள் மேசையில் இருந்த குறிப்புக் கொப்பியைத் திறந்தாள், மூடினாள். பேனாவைக் கடித்தாள். அவளுக்கு இட்ட வேலை எழுதிவைப்பது மட்டும்தான் என்று அவளே முன்னால் சொல்லியிருக்கிறாள். கணக்குச் சரியாக வரும்வரை யாரையும் எச்சரிக்கக் கூடாதாம். ஒரு தடவை பொய்யாய்ப் போனால் பிறகு ஒருத்தரும் காது கொடுக்க மாட்டார்களாம். அந்த ஒரு சங்கதியில் மையத்துக்காரனுக்குப் புத்தி இருக்கிறது என்று மாடசாமி அப்போது நினைத்துக்கொண்டார்.

"ஐயா, சங்கை ஊதுங்கோ."

"எதுக்கு?"

"எல்லாரும் இறங்கி வரட்டும். லயத்துக்குள்ள போகட்டும்."

"நல்லாருக்கே! நிறுவைக்கு இன்னும் ஒன்ர மணி நேரம் கெடக்கு. நேரம் தவறி ஊதுனா கணக்கப்பிள்ள என் தோல உரிச்சிருவாரு. அன்னைக்கும் இப்பிடித்தானே முள்ளு ஆடுச்சு? வெயிலுதானே அடிச்சுச்சு?"

"ஓம், அண்டைக்கு முள் பிழை சொன்னது. இண்டைக்கும் பிழையாப் போகலாம். பிழையா இல்லாட்டில்?"

"மழ வர இன்னும் நேரம் இருக்கு மிஸ். என் கண்ணு பொய் சொல்லாது." அதைக் காட்டிவிட அவர் களத்து நடுவுக்குப் போய் இடுப்பில் கை வைத்து அண்ணாந்தார். வெள்ளை. எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை. ஒரு குருவிகூடக் கத்தவில்லை என்பது மட்டும் அவருக்குக் கொஞ்சம் இடித்தது.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் சங்கு ஊளையிட்டது. மயூரி இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏய்! நிறுத்து! நிறுத்து தாயி!"

அவர் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பதற்குள் சத்தம் மலை முழுக்கப் போய்விட்டது. நீளமாக, ஒரே மூச்சில். மயூரி மூச்சு வாங்க வெளியே வந்து மலையைப் பார்த்தாள். நிரை கலைந்தது. பெண்கள் கூடையைச் சரிசெய்துகொண்டு நகர ஆரம்பித்தார்கள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே போனது.

"ஏன் மேல ஏறுகினம்?"

"ஏறாம?" மாடசாமி முகட்டுக்குக் கையை நீட்டினார். "நீளமா ஒரு தடவ ஊதுனா நிறுவச் சங்கு. நிறுவச் சங்கு கேட்டா மடுவத்துக்குப் போவாளுக. கூடையில உள்ளது தராசுல ஏறுனாத்தான் அவளுகளுக்கு அன்னைக்குப் பேரு, பேரு விழுந்தாத்தான் கூலி. பொறந்ததுல இருந்து அதுதான் பழக்கம். உன் மையத்துல இதச் சொல்லிக் குடுக்கலியா?"

மயூரி மலை முகட்டையே பார்த்தாள். நாலு இரும்புத் தூண், தகரக் கூரை, நடுவில் சங்கிலியில் தொங்கும் தராசு. "இடி விழுந்தா அந்த இரும்பிலதான் விழும்," என்றாள். இந்த மலையிலேயே அதைவிட மோசமான இடம் கிடையாது. நாற்பத்தொரு பேரையும் அவளே அங்கே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"நான் ஏறிப் போறன்," என்று செருப்பைக் கழற்றினாள்.

"ஏறு. போய்ச் சேர முக்கா மணி நேரம் ஆகும்."

"அப்ப திரும்ப ஊதுங்கோ! வேற மாதிரி! விட்டு விட்டு!"

"ஊது. நிறுவ முடியப் போவுதுன்னு இன்னும் வேகமா ஓடுவாளுக."

மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ யாரோ பெரிய பீப்பாயை உருட்டினார்கள். மெதுவாகத்தான். ஆனாலும் காலடி மண் அதிர்ந்தது. மாடசாமி மறுபடி அண்ணாந்தார். முகட்டின் விளிம்பில், மடுவத்துக்குப் பின்னால், கறுப்பாக ஒரு கோடு எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே சிவப்புத் துணி ஒன்று மற்றவர்களுக்குப் பின்னால் மெல்ல மெல்ல ஏறியது. பத்தடிக்கு ஒரு தரம் நின்றது. இடுப்பைப் பிடித்தது. மறுபடி ஏறியது.

அவர் பெட்டியை நம்பவில்லை. அந்த நிமிசத்திலும் நம்பவில்லை. ஆனால் நம்பாமல் சும்மா நிற்க அவரிடம் இன்னொரு மகள் இல்லை.

நூறு அடி தள்ளி லயத்தில் அவர் குடியிருக்கும் காம்பரா. அறுபத்தெட்டு வயது ஓடியது. சுவரில் ஆணியில் தொங்கிய தப்பைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்தார். விரலால் சுண்டினார். தொப் என்றது. ஈரத்தில் தோல் தொய்ந்து கிடந்தது.

"காயிதம்! நெருப்பு வேணும், காயிதம் கொண்டா!"

மயூரியின் கையில் ஏழு கிழமைக் கணக்கு எழுதிய கொப்பி மட்டும்தான் இருந்தது. ஒரு கணம் நின்றாள். பின்பக்கம் திருப்பி, எழுதாத தாள்களைக் கொத்தாகக் கிழித்துக் கொடுத்தாள். அவர் தீக்குச்சியை உரசினார். தோலைத் தீயில் காட்டிக் காட்டித் திருப்பினார்.

"ஐயா, இது என்னத்துக்கு?"

"சாவுத் தப்பு. லயத்துல சாவு விழுந்தா எந்த மலையில நின்னாலும் போட்டது போட்டபடி கீழ எறங்கிருவாளுக. யாரும் தடுக்க முடியாது. தொரையே வந்தாலும் முடியாது."

சொல்லிவிட்டாரே தவிர, குச்சியைப் பிடித்த கை எழவில்லை. பிணம் இல்லாமல் சாவுத் தப்பு அடித்தால் அந்தச் சத்தம் தனக்கொரு ஆளைத் தேடிப் பிடிக்கும் என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி மலையில் இருக்கும்போது அடிக்கிறதா? எதுவானாலும் தன் தலைக்கு வரட்டும் என்று அவர் முனகினார். பிறகு அடித்தார்.

முதல் அடியிலேயே மலை நின்றது. மடுவத்துக்கு இருபது முப்பது அடி கீழே வரிசை அப்படியே உறைந்தது. இரண்டாவது சுற்று அடித்தபோது ஒரு கூடை கீழே இறங்கியது. பிறகு பத்து. பிறகு எல்லாம். மேலே நல்லையா கணக்கப்பிள்ளை மடுவத்துக்கு வெளியே வந்து இரண்டு கையையும் ஆட்டி ஏதோ கத்தியது சின்னதாகத் தெரிந்தது. அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குறுக்குப் பாதை வழியாகப் பெண்கள் சரிந்து இறங்கினார்கள். சிலர் இப்போதே ஒப்பாரி எடுத்துவிட்டார்கள்.

மயூரி எண்ணினாள். வாய் விட்டு எண்ணினாள். மாடசாமி அடித்துக்கொண்டே இருந்தார். முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பதாவது ஆள் களத்துக்கு வந்து சேர்ந்தபோது முகட்டை மேகம் மூடிவிட்டது. சிவப்புத் துணியைக் காணவில்லை. அவர் அடிப்பதை நிறுத்தினார். பாதை வளைகிற இடத்தில் நெடிய சவுக்கு மரம் ஒன்று உண்டு. அதைத் தாண்டினால்தான் ஆள் தெரியும். அவர் அந்த மரத்தையே பார்த்தார். மரத்துக்குப் பின்னாலிருந்து ஜீவராணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் பின்னால், குடையை மடக்கியபடி, நல்லையா.

"யாரு? யாரு போயிட்டது?" அங்கம்மாதான் முதலில் அவரைப் பிடித்தாள். அவள் வாய்க்கு அந்த டிவிஷனே பயப்படும். "வாயத் தொறயேன் மனுசா! எங்க மாமியா? ராசம்மாவா?"

"யாரும் போகல."

"என்னது?"

"யாரும் சாகல. இடி விழப் போவுதுன்னு இந்த மிஸ் சொல்லுச்சு. அதான் அடிச்சேன்."

பிறகு நாற்பது வாயும் ஒன்றாகத் திறந்தன.

"அட நாசமாப் போற கெழவா! நீதான் செத்துட்டியாக்கும்னு எம்புட்டு ஆசையா ஓடியாந்தேன்!" அங்கம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவர் முகத்துக்கு நேரே உதறினாள். "கூட மேல கெடக்கு! கொழுந்து நனையப் போவுது! ஒன் பாட்டன் வந்து பேரு போடுவானா?"

"அப்பா," என்றாள் ஜீவராணி. மூச்சு முட்டியது அவளுக்கு. "நீங்கதான்னு நெனச்சேன். அந்த மலையில இருந்து உங்கள நெனச்சு அழுதுக்கிட்டே வந்தேன். இதுக்கு நீங்க..." கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

நல்லையா மயூரியிடம் போனார். "பிள்ளை, ஆரைக் கேட்டுச் சங்கை ஊதினனீர்? இது உம்மட பல்கலைக்கழகமே? நான் இண்டைக்கு எல்லாருக்கும் அரைப் பேர்தான் போடுவன். துரையிட்ட நீர் போய்ச் சொல்லும்."

"சங்கை ஊதினது நான்தான். நானே சொல்லுறன். இப்ப எல்லாரையும் லயத்துக்குள்ள—"

அவள் முடிக்கவில்லை. களம் வெளுத்தது. சத்தமும் வெளிச்சமும் ஒன்றாகவே வந்தன. எது முன்னால் எது பின்னால் என்று சொல்ல முடியாது. பெண்கள் மண்ணில் குந்தி ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள். காது கேட்க ஆரம்பித்தபோது கருகின பச்சை மரத்தின் வாடை வந்தது.

பாதை வளைவில் நின்ற சவுக்கு மரம் உச்சியிலிருந்து இடுப்பு வரை பிளந்து, தோல் உரிந்து, புகைந்துகொண்டிருந்தது. முகட்டில் மடுவம் மேகத்துக்குள் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மழை கொட்ட ஆரம்பித்தது.

எல்லாரும் கொட்டகைக்குள்ளும் பக்கத்து லயத்துக்குள்ளும் ஒண்டினார்கள். பிறகு யாரோ ஒருத்தி, "அந்தப் பொண்ணு சொன்னது நடந்திருச்சே," என்றாள். இன்னொருத்தி மயூரியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நல்லையா குடையை மூலையில் சாய்த்துவிட்டு, அரைப் பேரைப் பற்றி மறுபடி வாய் திறக்கவில்லை.

மாடசாமி மட்டும் மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன நடந்துச்சு?" என்றார் கடைசியில். "மடுவத்துல விழும்னு சொன்னீங்க. மரத்துல விழுந்திருக்கு. மடுவத்துல நின்னிருந்தா எல்லாரும் நனையாம நின்னிருப்பாளுக. நான் தப்படிச்சு எறக்குன பாதையிலதான் அந்த மரம் நிக்குது. பத்து நிமிசம் பிந்தியிருந்தா எம்மக அதுக்கு அடியில இருந்திருப்பா. அதுக்கு உங்க முள்ளு என்ன சொல்லுது?"

மயூரி ஈரத் தலையோடு அவரைப் பார்த்தாள். "ஒண்டும் சொல்லாது, ஐயா. எங்க விழும் எண்டு அதுக்குத் தெரியாது. விழக்கூடும் எண்டு மட்டும்தான் தெரியும். நீங்க சொல்லுறது உண்மைதான்."

"எங்க விழும்னு தெரியாம என்னத்துக்கு மிசின்?"

"அதையும் நான் எழுதத்தான் போறன்." அவள் பாதி கிழிந்த கொப்பியைத் திறந்து முள்ளைப் பார்த்து நேரம் குறித்தாள். "பெட்டி சரி, சங்கு பிழை எண்டு மையத்துக்கு எழுதுவன். ஆக்கள் எந்தச் சத்தத்துக்கு எந்தப் பக்கம் போவினம் எண்டு கேட்காமல் ஊதினது என்ர பிழை. அடுத்த முறைக்கு வேற சத்தம் ஒண்டு வேணும். சாவுத் தப்பும் கூடாது, நிறுவைச் சங்கும் கூடாது. என்ன சத்தம் எண்டு நீங்கதான் சொல்லவேணும்."

திருப்பித் திட்டியிருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். இந்தப் பெண் குற்றத்தை ஒத்துக்கொள்கிறாள், குறித்தும் வைத்துக்கொள்கிறாள். இப்படி எழுதிக்கொண்டு போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர்கள்கூட நல்லபடியாகத்தான் பேசினார்கள்.

"என் பேர அதுல எழுதாதீங்க," என்றார்.

"எழுதேல்ல."

"காட்டுங்க."

அவள் காட்டினாள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். பிறகு தூணடியில் இருந்த ஜீவராணியைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையை மட்டும் உதறவில்லை. மழைக்குப் போர்த்தும் படங்குச் சாக்கு ஒன்றை எடுத்து அவள் தலையில் போட்டார்.

"ஐயா, நாளைக்குப் பெரட்டுக்கு முன்னம் அந்தச் சத்தத்தைப் பற்றி..." என்று மயூரி பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"மொதல்ல உங்க மையத்துக்காரன் ஊருல இடி இடிச்சா அவனுக எந்தப் பக்கம் ஓடுறானுகன்னு கேட்டு எழுதுங்க," என்று சொல்லிவிட்டு, மகளைப் பிடித்தபடி மழைக்குள் இறங்கி லயத்தைப் பார்த்து நடந்தார் மாடசாமி.